உள்தாழ்ப்பாள் இல்லாத வீடு

முப்பத்தாறு வயதில் பரீட்சைக்குப் படிக்கிறவளைப் பார்த்து ஊர் சிரிக்காது. ஊருக்கு அவ்வளவு நேரம் இல்லை. அதனால் நானே சிரித்துக்கொள்கிறேன்.

என் வேலை இதுதான். கம்பெனிகள் சேர்த்து வைத்திருக்கும் தகவல்களையெல்லாம் எங்கோ இருக்கும் பெரிய கணினிக் கிடங்குகளில் அடுக்கி வைத்து, கேட்டபோது எடுத்துத் தர வேண்டும். கிளவுட் டேட்டா என்பார்கள். இதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. சில வருடங்களில் அது காலாவதியாகிவிடும். திரும்ப எழுதிப் புதுப்பித்தால்தான் வேலையில் மரியாதை. இப்போது அரியலூரில், கணவரின் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் உட்கார்ந்து அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கிறேன் என்று சொல்வதும் அதிகம். மாதிரிக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பேன், தப்பாகும், எழுந்துபோய் டீ போடுவேன்.

பரீட்சை நடத்துகிறவர்கள் மெயிலில் விதிமுறைகளை அனுப்பியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் அறையில் தனியாக இருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், தேர்வு முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது. இதை எழுதியவர், நாங்கள் முன்பு இருந்த பெரம்பலூரில் குடியிருந்ததே இல்லை என்று முதல் வரியிலேயே தெரிகிறது. அதிலும் துறைமங்கலத்தில், எங்கள் வீட்டுக்காரம்மாவின் மாடியில் இருந்திருக்கவே மாட்டார்.

அவர் பெயரைத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மாடிவீட்டம்மா. எனக்கு அக்கா. குடிவந்த அன்று 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டேன். "எனக்கு என்ன வயசாயிருச்சுன்னு இப்ப அம்மாங்குற? அக்கான்னு கூப்புடு" என்றார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலைமுடியில் ஒன்றுகூட நரைக்கவில்லை, என் தலையில் அப்போதே நரைத்திருந்தது. அதனால் மறுபேச்சுப் பேசவில்லை.

மூடிய கதவை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சாத்தியிருந்தால் திறப்பார். கோபமோ சந்தேகமோ இல்லை, வம்பு பேசவும் இல்லை. விழுந்து கிடக்கும் துணியை எடுத்துக் கொடியில் போடுவதைப் போலத் திறப்பார். திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று போய்விடுவார். சில சமயம் போக மாட்டார்.

இத்தனைக்கும் கதவுகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். வீடு கட்டியபோது மற்ற எதில் கஞ்சத்தனம் காட்டினாலும் கதவில் காட்டவில்லை. எல்லாம் தேக்கு. பண்டிகைக்கு முன்னால் ஒவ்வொரு கதவுக்கும் தேங்காயெண்ணெய் தடவித் துடைப்பார். ஆனால் மாடிக் கதவுகளில் உள்தாழ்ப்பாளே கிடையாது. ஆசாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வெளியே பூட்டுப் போட ஒரு கொண்டி மட்டும் உண்டு. "மாடிப்படியில கிரில் கேட்டு இருக்குல்ல, திருடனுக்கு அது போதும். வூட்டுக்குள்ள யாருக்கு யாரு தாப்பா போடுறது?" என்பார்.

கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் முட்டுக் கொடுத்திருந்தார். அவர் கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார், பகலில் வீட்டில் இருப்பதே அபூர்வம். அரியலூர்ச் சுரங்கப் பக்கம் கிடைக்கும் சுருள் சுருளான நத்தைக் கல்லை எப்போதாவது எடுத்து வருவார். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அதில் வாழ்ந்த உயிர்தான் இப்படிக் கல்லாகிக் கிடக்கிறது என்று நான் பெரிய படிப்பாளியாக விளக்கினேன். "அப்புடியா! நல்ல கனம்" என்று சொல்லிக் கதவோரம் நகர்த்தி வைத்தார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். தெருவில் ஆளுக்கொன்றாகச் சொன்னது போலப் பேய்க்கதையோ துக்கக்கதையோ எதிர்பார்த்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நாங்க பொறந்த வூட்டுல கதவே கெடையாது பாப்பா. ஓலப் படலு. அடுத்தவன் காட்டுல வேல பாத்துட்டு வந்து ஒரே ரூம்ல எல்லாரும் படுப்போம். பண்ணக்காரவுக வூட்டுலதான் கதவு இருக்கும். சாத்தியே இருக்கும். நாம வெளிய நின்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கணும்." பக்கத்துக் கதவைத் தடவிக்கொண்டே, "அதான் நம்ம வூட்டுல நெறைய கதவு வச்சேன். தொறந்தே வச்சிருக்கேன்" என்றார்.

நான் வீட்டிலிருந்து வேலை செய்வது அவருக்கு வேலையாகவே தெரியவில்லை. காலையில் கணவர் அரியலூர் பஸ் ஏறியதும் நான் ஒற்றையில் உட்கார்ந்திருக்கிறேன், பாவம் என்றே நினைத்தார். ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. முறம் நிறையச் சின்ன வெங்காயத்தோடு வந்து, கேமராவுக்குத் தெரியாமல் என் காலடியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். பேசுகிறவளைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம், துணைக்கு மட்டும் இருப்பாராம். எனக்குக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. நான் விடாமல் விற்பனைப் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் தனியாகச் செய்தி அனுப்பினார்: 'வீட்டில் ஏதாவது பிரச்சினையா? இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள்.' வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

சென்ற முறை சான்றிதழ் காலாவதியாகவிருந்தபோது அந்த வீட்டில்தான் இருந்தோம். மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மாதம் முடிவதற்குள் புதுப்பித்தால் இதே வேலையில் தொடரலாம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். விட்டுவிட்டால் பெங்களூர் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும், வேறு வேலை கிடைத்தால் பார்ப்போம். கணவர் ஆலையை விட்டு வர முடியாது. கல்யாணமாகி முதல் இரண்டு வருடம் அவர் இங்கே, நான் அங்கே என்று கழித்துவிட்டு, இப்போதுதான் ஒரே வீட்டில் சண்டை போடும் பாக்கியம் கிடைத்திருந்தது. அதை இழக்க எனக்கு விருப்பமில்லை.

அதனால் படித்தேன். யாருக்கும் தேவைக்கு மேல் அனுமதி கொடுக்காதே, யார் எதற்குள் நுழையலாம் என்பதை நீயே தீர்மானி என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை நான் அடிக்கோடிட்டுக்கொண்டிருக்கும்போது கதவு திறந்து, ஒரு கரண்டி புளிக்குழம்பு என் உள்ளங்கையில் விழுந்தது. "உப்பு சரியா இருக்கா பாரு." சரியாக இருக்கிறது என்றேன்.

"போன தடவ பாஸ் பண்ணிட்டேன்னு சொன்னியே, மறுபடி என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"அது எக்ஸ்பயரி ஆயிடும்க்கா. திரும்ப எழுதணும்."

"நா எட்டாவது பாஸ் பண்ணி எத்தன வருசமாச்சு. அது இன்னும் அப்புடியே இருக்கு. ஒன்னுது மட்டும் ஏன் ஊசிப்போவுது?"

மாதிரித் தேர்வில் முழிப்பது போலவே இதற்கும் முழித்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் கீழே இறங்கிப்போய் விதிகளை விளக்கினேன். கம்ப்யூட்டர் கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார், யாராவது அறைக்குள் வந்தால் அப்போதே நிறுத்திவிடுவார் என்றேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சிறுவாச்சூர் காளி மேல சத்தியம். நா உள்ள வரமாட்டேன். போதுமா?"

சத்தியத்தைக் காப்பாற்றினார், குறை சொல்ல முடியாது. பாதிப் பரீட்சை ஓடியிருக்கும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என்னை நானே மெச்சிக்கொண்டுமிருந்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும், ஒரு டம்ளர் மோரோடு உள்ளே நீண்டது. ஆள் நிலைப்படிக்கு அந்தப் பக்கம்தான். "பாப்பா, குடிச்சிட்டு எழுது" என்று காற்றுக் குரல் வந்தது. நான் கண்ணால் கெஞ்சினேன். கை டம்ளரை ஆட்டிக் காட்டியது. கண்காணிப்பாளர் எந்த நாட்டிலிருந்தாரோ, தேர்வை அந்த நிமிஷமே முடித்துவிட்டார்.

நான் கத்தவில்லை. கத்தும் தைரியமெல்லாம் எனக்குக் கிடையாது. மோரை வாங்கிக் குடித்துவிட்டு, மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அக்காவுக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரமானது.

"நா உள்ள வரலையே, கைதானே வந்துச்சு?"

"கையும் வரக் கூடாதுக்கா."

"அடியாத்தி! இப்ப ஒன்ன பெங்களூர்க்குத் தொரத்திருவானா?"

"இன்னொரு தடவ எழுத விடுவாங்க. அதுலயும் போச்சுன்னா போக வேண்டியதுதான்."

அன்று முழுக்க அவர் மாடிக்கு வரவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெங்களூர்க் கவலை பாதி, ஆள் வராத கவலை பாதி.

மாத முடிவுக்குள் கிடைத்த ஒரே தேதி ஒரு வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் காளி கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அக்கா அதை அம்மனே போட்ட தேதி என்று எடுத்துக்கொண்டார். அன்று காலை புதுப் பூட்டு ஒன்றோடு மேலே வந்தார்.

"நா இங்க இருந்தா தொறந்துருவேன் பாப்பா. என் புத்தி எனக்குத் தெரியும். வெளிய பூட்டிட்டு சிறுவாச்சூர் போயிடுறேன். சத்தியத்துக்கு மன்னிப்புக் கேட்டு, ஒனக்கு ஒரு மாவெளக்குப் போட்டுட்டு, நீ முடிக்கிறப்ப வந்துடறேன்."

"ஒரு சாவிய எதிர்வீட்டுல குடுத்துட்டுப் போங்கக்கா."

"அவளா? அவளுக்கும் என் புத்திதான். யாருட்ட குடுத்தாலும் தொறந்து பாப்பாங்க." பூட்டோடு வந்த சாவிகள் அத்தனையையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஒரு சொம்பு மோரை நீட்டி, "இப்பவே முழுசாக் குடிச்சிரு, அப்பறம் நடுவுல யாரும் குடுக்க வேண்டியதில்ல" என்றார். குற்ற உணர்ச்சியில் இருக்கிற மனுஷியின் மனதை நோகடிக்கக் கூடாதென்று முழுச் சொம்பையும் குடித்தேன். எங்கள் கழிப்பறை மொட்டைமாடியில், அறைக்கு வெளியே இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பூட்டு விழும் சத்தம் கேட்டது. கொலுசுச் சத்தம் படியிறங்கியது. பரீட்சை தொடங்கியது. ஈ எறும்புகூட வரவில்லை. நிறைய கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்டன. முக்கியமான ஒன்றின் பிரதிகளையெல்லாம் ஒரே இடத்தில் வைக்காதே, அந்த இடத்துக்கு ஏதாவது ஆனால் எல்லாமே போச்சு. அத்தனைக்கும் சரியாகப் பதில் சொன்னேன். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரையில் பாஸ் என்று வந்தது. பெங்களூர் இல்லை! நாற்காலியிலிருந்து குதித்தேன்.

குதித்திருக்கக் கூடாது. ஒரு சொம்பு மோர் தன் இருப்பை அப்போதுதான் சொன்னது.

அக்காவுக்குப் போன் போட்டேன். என் காலுக்குக் கீழே, அவர் வீட்டுக் கூடத்தில் மணி அடித்தது. கோயிலுக்குப் போன் கொண்டுபோகிற வழக்கம் அவருக்கு இல்லை. கணவருக்குப் போட்டேன். பாஸ் என்றதும் ஆலைச் சத்தத்தையும் மீறிக் கத்தினார். பூட்டியிருக்கிறது என்றதும் சிரித்தார். சாவி ஏதும் இல்லையா என்று கேட்டார். எல்லாச் சாவியும் ஒரே இடுப்பில், சிறுவாச்சூரில் இருப்பதைச் சொன்னேன். "நீ இதுலதானே பாஸ் பண்ணின?" என்றார். ஷிப்ட் முடியாமல் வர முடியாது என்றும் சொன்னார். ஜன்னலைத் திறந்து தெருவில் யாரையாவது கூப்பிடலாம்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? பாதுகாப்பில் தேர்ச்சி பெற்றிருக்கிறேன், பூட்டை உடையுங்கள் என்றா?

மாவிளக்கு என்றால் அந்தக் கோயிலில் அங்கேயே அரிசியை ஊறவைத்து, இடித்து, மாவாக்கிப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உரலுக்கே இடம் பிடிக்க வேண்டும். அதை நினைக்க நினைக்க எனக்கு வியர்த்தது. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நடக்காமல் நின்றேன். காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்தேன். கேமராவை மூடியாகிவிட்டதா என்று மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் தாண்டியது. அந்த வீட்டில் அந்தக் கதவு அவ்வளவு நேரம் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. கரண்டி இல்லை, முறம் இல்லை, "சும்மாதான்" இல்லை. பாஸ் பண்ணிய சந்தோஷத்தைச் சொல்ல எதிரே ஆள் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் கதவை இந்த நேரம் யாராவது தள்ளித் திறந்தால் போதும் என்று இருந்தது. இத்தனை நாள் எதை நினைத்துச் சலித்துக்கொண்டேனோ, அதற்காகக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கொலுசுச் சத்தம் படியில் ஓடி வந்தது. கதவுக்கு வெளியே வந்து நின்றது. பூட்டுத் திறக்கும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. டொக், டொக் என்று ஒற்றை விரலால் தட்டும் சத்தம் வந்தது. அந்தக் கையிலிருந்து நான் கேட்ட முதல் தட்டல் அதுதான்.

"பாப்பா... தொறக்கலாமா?"

"தொறங்கக்கா! சாவி உங்ககிட்டதானே இருக்கு!"

"அந்தக் கேமராக்காரன் பாத்துக்கிட்டு இருக்கானா?"

"அவன் போயி எவ்ளோ நேரம் ஆச்சு!"

"சத்தியமா?"

"ஐயோ அக்கா, அவசரம்க்கா!"

கதவு திறந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரைத் தாண்டி மொட்டைமாடிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் நிலைப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மூஞ்சியைக்கூடப் பார்க்காமல் ஓடினால் என்ன அர்த்தம்? பரீட்சை போய்விட்டது, தன்னால்தான் போய்விட்டது என்று முடிவே பண்ணியிருந்தார். பாஸ் என்று நான் சொல்லி, திரும்பச் சொல்லி, திரையைக் காட்டிய பிறகுதான் நம்பினார். என் நெற்றி நிறையக் குங்குமத்தை அப்பினார். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து மாவிளக்கு மாவைத் தின்றோம். அவ்வளவு ருசியான மாவை நான் தின்றதில்லை.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டொக், டொக். வெளியே அக்கா. "வரலாமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பெரிய படிப்பு படிச்சு வேல பாக்குற புள்ள. நா ஒரு மட்டு மரியாத இல்லாம பொசுக்கு பொசுக்குன்னு வந்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் தட்டினார். நான் "வாங்க" என்று சொல்லும்வரை வெளியே நின்றார். தான் கட்டிய வீட்டில், தான் எண்ணெய் போட்டுத் துடைத்த கதவுக்கு முன்னால் நின்றார். நான் கதவை அகலத் திறந்து நத்தைக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார ஆரம்பித்தேன். திறந்து கிடந்த கதவையும் தட்டினார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. பரீட்சைக்காரர்கள் கேட்ட மரியாதை எனக்கு அந்த வீட்டில் கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

பிறகு ஆலைக் குடியிருப்பில் வீடு கிடைத்து அரியலூருக்கு வந்துவிட்டோம். கிளம்பும்போது அந்தக் கல்லை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தார். "அங்கேருந்து வந்ததுதானே, அங்கேயே கொண்டு போ. கதவுக்கு வச்சுக்க" என்றார். வைத்திருக்கிறேன். இங்கே வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், எல்லாக் கதவுகளும் சாத்தியே இருக்கும். யாரும் யாரையும் எட்டிப் பார்ப்பதில்லை. படிப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனாலும் மாதிரித் தேர்வில் தப்புத் தப்பாக வருகிறது. கண் அடிக்கடி கதவுப் பக்கம் போகிறது.

இன்று காலை அவருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அடுத்த வாரம் மறுபடி பரிச்ச."

"மறுபடியும் ஊசிப்போச்சா!" என்றார். பிறகு, "அங்க உள்தாப்பா இருக்கா?"

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு இருக்குக்கா."

"அப்ப நல்லதாப் போச்சு. நீயே போட்டுக்குவ." குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"தாப்பா இருக்குக்கா. வெளிய ஆளுதான் இல்ல."

"நா வேணா வெள்ளனவே பஸ்ஸப் புடிச்சு வந்து பூட்டிட்டுப் போகட்டுமா? அந்தப் பூட்டு இன்னும் இருக்கு."

"வாங்கக்கா. ஆனா ஒண்ணு. முடிஞ்ச பெறகு தட்டாம தொறந்துக்கிட்டு உள்ள வரணும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப மோரு கொண்டாரேன்" என்றார்.